காலால் பிறந்தவர்கள்

இடுப்புப் பிடித்துக்கொண்டால், ‘காலால் பொறந்த ஆளு யாராச்சும் இருக்காங்களா?’ என்று தேடுகிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அவர் லேசாக ஒரு மிதி மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகுமாம். ரோமாபுரியில் நேர் எதிர்! கால் முன்னே வந்து பிறப்பது இயற்கைக்கு விரோதம் என்று எழுதிவைத்தார் பிளினி. ‘ஆக்ரிப்பா’ என்ற பெயருக்கே ‘கஷ்டப்பட்டுப் பிறந்தவன்’ என்று அர்த்தம் சொன்னார். கி.மு. 31-ல், ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் ஓடவைத்த தளபதி ஆக்ரிப்பா அப்படிப் பிறந்தவர்தான்.

அவர் பிழைத்தார். பிழைக்காத குழந்தைகளுக்கு யார் பெயர் வைத்தார்கள்?

சிசுவின் உடம்பில் பெரிய, கெட்டியான பாகம் தலை. அது முதலில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் வந்தால்..? உடம்பு வெளியே, தலை உள்ளே, நடுவில் நசுங்குகிற தொப்புள்கொடி. சில நிமிடங்கள்தான் அவகாசம். அந்தத் தலையைப் பக்குவமாக விடுவிக்கும் கைமுறைக்கு, 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு டாக்டர் மோரிசோவின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் (27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தாரே, அவரேதான்!) எழுதிய பிரசவ மருத்துவப் புத்தகத்தைப் படித்துத்தான் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் வந்தார்கள். ஆனால், இது ஏட்டில் படித்து வருகிற வித்தை இல்லை. பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துக் கை பழகணும்.

2000 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கனடாவின் மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகள், 2,088 கர்ப்பிணிகள். முன்கூட்டியே ஆபரேஷன் என்று முடிவெடுத்த பிரிவில் குழந்தை இறந்ததும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் 1.6 சதவிகிதம். இயல்பாகப் பிறக்கட்டும் என்று விட்ட பிரிவில் 5 சதவிகிதம். அவ்வளவுதான், உலகமே கத்தி பக்கம் சாய்ந்துவிட்டது!

2004-ல் வந்த செய்தியை அத்தனை பேர் கவனிக்கவில்லை. அதே ஆய்வில் பிறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பார்த்தபோது, மரணத்திலும் மூளை வளர்ச்சிக் குறைவிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘பழகிய டாக்டர் இருந்தால் இயல்பாகவும் முயலலாம்’ என்று 2006-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இறங்கி வந்தது. பழகிய கைக்கு எங்கே போவது? செய்யாத வேலை கைக்கு மறந்துபோகும், அடுத்தவருக்குச் சொல்லித்தரவும் முடியாது. இந்த நிலைமையில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், அதில் தப்புக் காண எனக்கு மனசு வரவில்லை.

அயோத்தியாப்பட்டணத்துப் பெண்ணிடம் ஒன்பதாம் மாத ஸ்கேனில், ‘குழந்தை இன்னும் திரும்பலைம்மா’ என்றால், சேலத்தில் தேதி குறிப்பார்கள். வீட்டில் பஞ்சாங்கம் புரளும். அதற்கு முன் கேட்க ஒரு கேள்வி உண்டு: “வெளியிலிருந்தே வயித்தைத் தடவித் திருப்பிப் பார்க்கலாமா டாக்டர்?” 37-வது வாரத்தை ஒட்டி, ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இதைச் செய்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

குறித்த தேதி வரும்முன்பே பனிக்குடம் உடைந்தாலோ, வலி எடுத்தாலோ பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். கொடி முன்னால் நழுவி வந்துவிட்டால் ராகுகாலம், நல்ல நேரமெல்லாம் அது பார்க்காது!