ஆஸ்கரும் மலாவி மீனும் ஒரே தொட்டியில்: ஒத்துப்போகுமா?

மலாக்காவில் எந்த மீன் கடைக்குப் போனாலும் ஆஸ்கர், டிஸ்கஸ், கான்விக்ட், மலாவி, ஃபிளவர்ஹார்ன் என்று தொட்டிகள் வரிசையாக இருக்கும். எல்லாமே சிக்லிட் என்ற ஒரே குடும்பம். "ஒரே குடும்பம்தானே, ஒண்ணாப் போட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். சில கூட்டணி நிற்கும், பலது நிற்காது. அதைக் கண்டத்தின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சிக்லிட்கள் அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை என்று பரவியவை. கேரளத்துக் கரிமீன்கூட சிக்லிட்தான். மலேசியாவுக்குச் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. நம்ம தோட்டத்து அல்லூர்களில் தாத்தா காலத்திலிருந்து தூண்டிலில் மாட்டும் திலாப்பியாவும் ஆப்பிரிக்க மீனே. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது.

முதலில் தண்ணீர். மலாவி ஏரியின் நீர் கடினமானது, பிஎச் அளவு ஏறக்குறைய 8. டிஸ்கஸ் வாழும் அமேசான் நீர் மென்மையானது, பிஎச் பெரும்பாலும் 7-க்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவில் நிறுத்தினால் இரண்டு மீனுக்குமே அரைகுறைதான். ஆனால் மத்திய அமெரிக்கக் கான்விக்ட் ஓரளவு கடினமான நீரையே விரும்பும். தண்ணீரை மட்டும் பார்த்தால் அது டிஸ்கஸைவிட மலாவி மீனுக்குத்தான் நெருக்கம். அதேபோல மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸுக்கும் அமேசான் ஏஞ்சல் மீனுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துவரும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பற்றிக் கவலை வேண்டாம்.

பலர் கவனிக்காதது சாப்பாடு. மலாவியின் 'ம்புனா' வகை பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஆஸ்கர் இறைச்சி தின்னி. ஆஸ்கருக்குப் போடும் தீனியை ம்புனாவும் ஆசையாகத் தின்னும். நாளடைவில் வயிறு ஊதிச் சாகவும் கூடும். சண்டை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

சண்டையிலும் ஒரு சிக்கல் இருக்கு. ம்புனாவை நெருக்கமாக வளர்ப்பார்கள்: கூட்டம் இருந்தால் ஒரே மீன் மட்டும் அடிவாங்காது, கோபம் பரவிப்போகும். அமெரிக்க சிக்லிட் ஜோடியோ முட்டையிட்டதும் தன் மூலையைப் பிடித்துக்கொண்டு கிட்ட வருபவரை எல்லாம் விரட்டும். அதற்கு வேண்டியது இடம். ஒன்றுக்குக் கூட்டம் மருந்து, மற்றதுக்கு அதுவே வினை.

ஃபிளவர்ஹார்ன் தனிக் கதை. 1990-களில் மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து மலேசியாவில் உருவான மீன், லுவோஹான் என்றும் சொல்வார்கள். நம்ம நாட்டு மீன் என்று பெருமைப்படலாம். ஆனா தனியாவே வையுங்க.

அப்படியும் சேர்த்து வளர்க்க ஆசையா? ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி, அதாவது சுமார் 680 லிட்டர், இல்லாமல் தொடங்க வேண்டாம். வளர்ந்தபின் ஒரே அளவு இருக்கும் மீன்களாகப் பார்த்து, குட்டியிலேயே சேர்த்து விடுங்கள். கடையில் விரல் நீளம் இருக்கும் ஆஸ்கர் 30 சென்டிமீட்டர் வரை வளரும். அப்போது பக்கத்தில் இருக்கும் சின்ன மீன் அதற்குத் தீனி. புது மீன் விடும் அன்று கற்களை இடம் மாற்றி அடுக்கினால் பழைய மீன்களின் எல்லை கலையும், சண்டை குறையும். அடிபட்டதைப் பிரித்து வைக்க இன்னொரு தொட்டி கட்டாயம்.

ஒத்துப்போகாத மீனை வீட்டுக்குப் பின்னால் ஓடும் அல்லூரிலோ, கெசாங் ஆற்றிலோ, செம்பனைத் தோட்டத்துக் குட்டையிலோ விட்டுவிட வேண்டாம். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று விடுவதுதான் ஆபத்து, ஏன்னா அது பிழைத்துவிடும். தென் அமெரிக்க சிக்லிட்டான பீக்காக் பாஸ் இன்று நாட்டின் பழைய ஈயக் குட்டைகளில் பெருகி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்கிறது. வாங்கும்போதே "ஒத்துவரலன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா?" என்று கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.