மித்தி ஆற்றின் மழைக்கணக்கு

தாராவிக்கு வடக்கே மித்தி என்றோர் ஆறு ஓடுகின்றது. அதை ஆறு என்று எண்ணாமலே நாள்தோறும் கடந்து செல்லும் தமிழர் நம்மிற் பலர். விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரை ஏற்றுச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடிக் குர்லாவைக் கடந்து, மாகிம் கழியின் வழியே அது கடலை அடைகின்றது. கோடையில் வெறும் சாக்கடையாகத் தோன்றும் அதன் வலிமையை ஆடி மாதத்திலேதான் அறிய முடியும்.

மித்தியின் வரலாறு, அதன் இடம் குறுகிய வரலாறே. பழைய பம்பாய்த் தீவுகளுக்கும் சால்செட் தீவுக்கும் இடையே ஓதம் ஏறி இறங்கும் அகன்ற கழி கிடந்தது. 1803-இல் சயானிலும் 1845-இல் மாகிமிலும் கழியின் குறுக்கே கரைவழிகள் அமைந்தன. 1860-இல் விகார் ஏரி கட்டி முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் கீழே ஆறு செல்லலாயிற்று. பின்னர்ப் பாந்திரா-குர்லா வட்டாரத்துச் சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டு, மாளிகைகள் எழுந்தன. வெள்ளம் பரந்து தங்குவதற்கு இருந்த இடம் இவ்வாறு சுருங்கிற்று.

2005 ஜூலை 26 அன்று பெருமழை கொட்டியது. 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவிலோ சுமார் 74 மில்லிமீட்டரே! நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்தவை. அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில். அன்று பிற்பகல் ஓதமும் ஏறி நின்றமையால் நீர் வெளியேற வழியில்லை. மும்பையில் 400 பேருக்கு மேல் மாண்டனர்.

கொலாபாவின் கணக்கைக் கொண்டு குர்லாவின் நிலையை அறிய இயலாது என்பதே அந்நாள் புகட்டிய பாடம். அதன்பின் மாதவ் சித்தலே தலைமையில் உண்மையறியும் குழு அமைந்தது. மித்திக்கெனத் தனி ஆணையமும் தோன்றிற்று. நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. 2020 ஜூனில் மழையளவு, ஆற்று நீர்மட்டம், ஓதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்து வெள்ளத்தை முன்னறிவிக்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்க வேண்டுவது ஏன்? கடல் வற்றும் வேளையில் பெய்யும் மழையைக் கழி எளிதில் வெளியேற்றிவிடும். அதே அளவு மழை ஓதம் ஏறும் வேளையில் பெய்தால், கடல்நீர் எதிர்த்து நிற்க, ஆற்று நீர் தேங்கிக் குடிசைகளுக்குள் புகும். மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஓதமோ நிலவின் கணக்கை ஒட்டியது. அதன் நேரமும் உயரமும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. ஆகவே, தாழ்ந்த கரையில் வாழும் நம்மவர், மழைச் செய்தியைக் கேட்கும்போதே அன்றைய ஓத நேரத்தையும் கேட்டறிதல் வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு அழைத்துச் செல்ல, முன்னதாகக் கிடைக்கும் ஒரு மணி நேரமே போதுமானதாகலாம்.