ஊறும் எதிர்ப்பும்: பகடை ஆட்டத்தில் ஒரு விதியின் வரலாறு

வரம் பெற்றவனுக்கும் அழிவின் வாயில் ஒன்று திறந்தே இருக்கும் என்பது பழங்கதைகள் பலவும் உணர்த்தும் உண்மையாகும். மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், அகத்தும் புறத்தும் அழிவில்லை என வரம் பெற்ற இரணியன், மனிதனும் விலங்கும் அல்லாத நரசிங்கத்தின் கையால், அந்திப் பொழுதில், வாயிற்படியில் மாண்டான். தேவரும் அசுரரும் தன்னைக் கொல்லலாகாது எனக் கேட்ட இராவணன், மானிடரை ஒரு பொருட்டாக மதியாது விட்டான். மானிடன் ஒருவனாலேயே மடிந்தான். கிரேக்கரின் அக்கிலீசுக்கு அவ்வாயில் குதிகாலில் இருந்தது.

கதையில் இதைச் சொல்வது எளிது. ஆனால், அதே உண்மையை எண்ணாக்கி, பகடை உருட்டி, வெற்றி தோல்வியை நடுநிலையோடு முடிவு செய்ய வேண்டுமாயின் என்ன செய்வது? மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களை அமைத்தோர் அரை நூற்றாண்டுக் காலமாக எதிர்கொண்டுவரும் வினா இதுவேயாகும்.

போர்க்கலையிலிருந்து பொழுதுபோக்கிற்கு

இவ்வாட்டங்களின் வேர் பிரஷ்ய நாட்டுப் படைப்பயிற்சியில் உள்ளது. 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படை அதிகாரி, தம் தந்தையார் தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். நிலப்படத்தின் மீது படைக்கட்டைகளை நகர்த்துவர்; பகடையும் அட்டவணையும் இழப்பைக் கணக்கிடும்; நடுவர் ஒருவர் முடிவு கூறுவார். ஓர் அணி எவ்வளவு அடி தாங்கும் என்பதை எண்ணால் குறிக்கும் எண்ணம் அன்றே முளைவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த ஆட்டம் படைமனையை விட்டு வீட்டு மேசைக்கு வந்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவரும் 1971-இல் 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டனர். அதன் பின்னிணைப்பில் பூதங்களும் மந்திரவாதிகளும் இடம்பெற்றனர். அதே காலத்தில் டேவ் ஆர்னசன், ஓர் ஆட்டக்காரர் ஒரு படையை அன்றி ஒரே வீரனை நடத்தும் புதுமுறையைத் தம் நண்பர்களிடையே வளர்த்து வந்தார். கைகாக்சும் ஆர்னசனும் இணைந்து 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம்.

இவ்வாட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, தம் செயல்களைச் சொல்லால் உரைப்பர். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. அடி விழும்போதெல்லாம் பகடை காட்டும் ஊற்றின் அளவு அதிலிருந்து கழிக்கப்படும். புள்ளி தீர்ந்தால் பாத்திரம் வீழும். பல மாதங்கள் பேணி வளர்த்த பாத்திரம் ஒரு கழித்தற் கணக்கில் மறைந்துபோகக்கூடும். ஆதலால் அந்தக் கணக்கு முறையானதா என்னும் கேள்வி ஆட்டக்காரர்க்கு அற்பமானதன்று.

வெள்ளியும் நெருப்பும்

1974-ஆம் ஆண்டு விதிகளிலேயே எதிர்ப்பின் கருவைக் காணலாம். 'வைட்' எனப்படும் பிணப்பேயைச் சாதாரண அம்பு தீண்டாது. வெள்ளிமுனை அம்பு வழக்கமான ஊறு விளைக்கும். மந்திர அம்போ இருமடங்கு விளைக்கும். அதனினும் வலிய 'ரெய்த்' என்பதற்கு வெள்ளி அம்பு பாதி ஊறே தரும். ஊறுபடாமை, எதிர்ப்பு, நலிவு என்று பின்னாளில் பெயர்பெற்ற மூன்றும் ஒரே பக்கத்தில், பெயரின்றி, தனித்தனி விலக்குகளாகக் கிடந்தன.

இவற்றுக்கான கருப்பொருள் கதைகளிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் வந்தது. மனித ஓநாயை வெள்ளியே வீழ்த்தும் என்ற எண்ணத்தை 1941-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'தி உல்ஃப் மேன்' உலகெங்கும் பரப்பியது. வெட்ட வெட்ட வளர்ந்து, நெருப்புக்கு மட்டும் அஞ்சும் 'டிரோல்' என்னும் பூதம் போல் ஆண்டர்சன் எழுதிய புதினத்திலிருந்து ஆட்டத்திற்குள் நுழைந்தது.

1977-இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் நூலில் எலும்புக்கூட்டிற்குக் கூரிய ஆயுதம் பாதி ஊறே செய்யும் என்ற விதி இடம்பெற்றது. வெட்டுவதற்குத் தசை இல்லாத உடலை வாள் என்ன செய்யும்? அதனை நொறுக்கத் தண்டாயுதமே வேண்டும். விதி இங்கே வெறும் எண்ணாக இராமல், பொருளின் இயல்பைப் பேசுகிறது.

அதே நூலில் இந்தியத் தொல்கதைகளின் இராட்சதனும் இடம்பெற்றான். மந்திரமற்ற படைக்கலம் எதுவும் அவனைத் தீண்டாது; ஆனால் ஆசி பெற்ற விசைவில் கணை ஒன்று பட்டால் உடனே மாள்வான். இம்முடிவு நம் காப்பியங்களில் காணப்படுவதன்று. 1974-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையில் இராட்சதன் இவ்வாறே வீழ்த்தப்பட்டான். ஒரு பண்பாட்டின் பாத்திரம் மற்றொரு பண்பாட்டிற்குச் செல்லும்போது பெயர் மட்டும் பயணம் செய்து, அதன் இயல்பு வழியிலேயே மாறிவிடுவதற்கு இது தக்க சான்றாகும்.

கழித்தலா, வகுத்தலா?

எதிர்ப்பைக் கணக்கிட இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வோர் அடியிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணைக் கழிப்பது. மற்றொன்று, அடியைப் பாதியாக வகுப்பது. 1978-இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' கவசத்தின் மதிப்பை ஊற்றிலிருந்து கழித்தது. கழித்தல் முறையில் சிறு அடிகள் முற்றிலும் பயனற்றுப் போகும். பேரடி மட்டுமே உள்ளே புகும். பத்துப் புள்ளி கழிக்கும் பகைவன் மீது எட்டுப் புள்ளி அடி நூறு விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. வகுத்தல் முறையிலோ எளியோன் அடிக்கும் சிறிது பலன் உண்டு.

2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு கழித்தலை ஏற்றது. கார்காயில் என்னும் கல்லுருவப் பூதம் ஒவ்வோர் அடியிலும் பதினைந்து புள்ளிகளைத் தள்ளிவிடும்; மந்திர வலுவேறிய ஆயுதத்திற்கு மட்டும் அத்தடை இல்லை. இதனால் தக்க வாள் இல்லாதவன் களத்தில் கைகட்டி நிற்க நேர்ந்தது. 2003-இல் செய்த திருத்தத்தில் அப்பதினைந்து பத்தாகக் குறைந்தது. பல பகைவர்க்கு வெள்ளி, குளிரிரும்பு போன்ற பொருள்களே திறவுகோல்களாயின. விளைவு என்ன? கோல்ஃப் ஆடுவோர் பல மட்டைகளைப் பையில் சுமப்பதுபோல், வீரர்கள் பல வாள்களைச் சுமந்து திரிகின்றனர் என்ற எள்ளல் எழுந்தது. அறிவைச் சோதிக்க வந்த விதி, மூட்டையைச் சோதிப்பதாக மாறியது எனலாம்.

பாதியும் இருமடங்கும்

2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இச்சிக்கலை மிக எளிமையாக்கியது. எதிர்ப்பு என்றால் பாதி. நலிவு என்றால் இருமடங்கு. ஊறுபடாமை என்றால் சுழி. எலும்புக்கூட்டின் உயிர்ப்புள்ளி பதின்மூன்று. வாளால் ஏழு புள்ளி அடித்தால் ஆறு எஞ்சும். அது திருப்பித் தாக்கும். அதே ஏழினைத் தண்டாயுதத்தால் அடித்தால் பதினான்காகும். எலும்புக்கூடு அக்கணமே பொடியாகும். கையின் வலிமை ஒன்றே. கருவியைத் தேர்ந்த அறிவு உயிரைக் காக்கிறது.

எளிமையிலும் ஒழுங்கு வேண்டும். கூட்டலும் கழித்தலும் முதலில்; பின்னர் எதிர்ப்பு; இறுதியில் நலிவு என்பது அப்பதிப்பு வகுத்த வரிசை. முப்பது புள்ளி அடியிலிருந்து ஒரு காப்பு மந்திரம் ஆறினைக் கழிக்கிறது என்று கொள்வோம். முதலில் கழித்தால் இருபத்து நான்கு, பாதி பன்னிரண்டு. முதலில் பாதியாக்கினால் பதினைந்து. ஆறு கழிய ஒன்பது. வரிசை மாறினால் மூன்று புள்ளி மாறுகிறது. அம்மூன்றில் ஓர் உயிர் போகவும் கூடும். ஒரே வகை ஊற்றுக்கு இரண்டு எதிர்ப்புகள் இருப்பினும் ஒன்றாகவே கொள்ளப்படும். பாதியின் பாதி என்று குறைந்துகொண்டே போகாது. கவசங்களை அடுக்கி அழியாமையை விலைக்கு வாங்கும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

2019-இல் வெளிவந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்போ நிலையான எண்களைப் போற்றியது. அங்கே நலிவு ஐந்து என்றால் ஒவ்வோர் அடியிலும் ஐந்து கூடும். பேரடிக்காரனுக்கு இருமடங்கே ஆதாயம். சிற்றடி பல அடிப்பவனுக்கு நிலையான எண்ணே ஆதாயம். இரு விதிகளும் நேர்மையானவையே. ஆனால் எவரை உயர்த்துகின்றன என்பதில் வேறுபடுகின்றன.

2025-இல் வந்த புதிய 'மான்ஸ்டர் மேனுவல்', மந்திரமற்ற ஆயுதங்களுக்கு எதிரான எதிர்ப்பைப் பெரும்பாலும் கைவிட்டது. செல்வமும் மந்திர வாளும் இல்லாதவனின் அடிக்கும் மதிப்பு உண்டு என்பதே அதன் விளைவு. எளிய வீரனுக்கு இது நீதி. ஆயினும் வெள்ளியைத் தேடி அலைந்த பழைய கதையின் சுவை அதில் சற்றே குன்றியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

விதி என்பது நடுநிலை எண்களின் கூட்டம் என்று பலர் கருதுவர். இச்சிறு விதியின் வரலாறு அவ்வாறன்று என்று காட்டுகிறது. எங்கே கழிப்பது, எங்கே வகுப்பது, எதை முதலில் செய்வது என்னும் ஒவ்வொரு முடிவும், வலியோனுக்கும் எளியோனுக்கும் இடையே ஒருவர் பக்கம் சாய்கிறது. இராவணன் தன் வரத்தின் சொற்களை எண்ணிப் பார்க்கவில்லை. விதியை எழுதுவோரும் அதற்கு உட்படுவோரும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.