கரியும் காணியும்

மேற்குச் சுமத்திராவில் சவாலுந்தோ என்றோர் ஊர் உண்டு. குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த அவ்வூரின் பெரிய பள்ளிவாசலுக்கு நூருல் இஸ்லாம் என்று பெயர். அதன் மினாரா ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுடையது. அண்ணாந்து பார்க்கும் வழிப்போக்கர், அது பாங்கு ஒலிப்பதற்காக எழுப்பப்பட்டதன்று என்பதை அறியார். உண்மையில் அது ஒரு புகைபோக்கி. 1894ஆம் ஆண்டில் டச்சுக்காரர் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் ஒன்றை அங்கே கட்டியபோது அதை எழுப்பினர். பின்னர் மின்நிலையம் ஓய்ந்தது. இந்தோனேசிய விடுதலைப் போரின்போது அதன் நிலவறையில் போராளிகள் வெடிகுண்டுகள் செய்தனர். 1952இல் அக்கட்டடம் பள்ளிவாசலாயிற்று. கரும்புகை எழுந்த இடத்திலிருந்து பாங்கொலி எழலாயிற்று.

கட்டடம் மக்களுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நிலம் அவ்வாறு திரும்பியதா? இவ்வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. நிலத்தை நம்பி வாழ்ந்த ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதற்குள் அடங்கியிருக்கிறது.

பெரிய வீடும் தாய்வழிக் காணியும்

அவர்கள் மொழியில் 'சாவா' என்றால் நெல்வயல். லுந்தோ என்பது அங்கு ஓடும் ஆறு. லுந்தோ ஆற்று வயல் என்பதே ஊரின் பெயர். அங்கு வாழும் மினாங்கபாவு மக்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்கள். ஆயினும் அவர்களுடைய பூர்வீக நிலம் தாய்வழியாக இறங்குவது. வயலும் 'ரூமா கடாங்' எனப்படும் பெரிய வீடும் பெண்மக்களைச் சார்ந்தவை. தாய்மாமன் அவற்றின் காவலர், உடைமையாளர் அல்லர். ஆண்மக்கள் இளமையிலேயே பொருள் தேடி வெளியூர் செல்வர். நம்மவர் 'சபர்' என்று கூறுவதை அவர்கள் 'மெரந்தாவ்' என்கின்றனர். சபர் சென்றவர் வெறுங்கையுடன் திரும்பினாலும், தாய்வீட்டு வயல் அங்கே காத்திருக்கும்.

இந்தக் காணியை விற்றல் ஆகாது. ஒத்தி வைப்பதற்குங்கூட நான்கு காரணங்களையே அவர்களுடைய மரபு ஏற்கிறது. வீட்டில் மய்யித்து கிடந்து அடக்கச் செலவுக்கு வழியில்லாமை, வயது வந்த குமருக்குத் திருமணம் முடிக்க இயலாமை, பெரிய வீட்டின் கூரை ஒழுகுதல், மறைந்துபோன குடித்தலைமைப் பட்டத்தை மீண்டும் நிலைநாட்டல் என்பன அவை. இந்த நான்கில் கரி இல்லை. தொழில் முதலீடும் இல்லை.

இம்முறை ஷரீஅத்துக்கு ஒவ்வுமா என்ற வாதமும் அங்கே எழாமலில்லை. மக்காவின் புனித ஹரமில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாக விளங்கிய ஷைகு அஹ்மது கதீப் (1860–1916) மினாங்கபாவு மண்ணில் பிறந்தவர். தம் மக்களின் தாய்வழி வாரிசு முறையை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். காலப்போக்கில் ஓர் இணக்கம் பிறந்தது: ஒருவர் தாமே ஈட்டிய சொத்து இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சேரும், முன்னோர் விட்டுச்சென்ற காணி எவருக்கும் தனியுடைமையாகாது, தலைமுறைதோறும் குடும்பத்தின் பொறுப்பில் நிற்கும். இன்றளவும் மினாங்கபாவுக் குடும்பங்கள் இவ்விருவகைச் சொத்தையும் வேறுபடுத்தியே பேசுகின்றன.

வயல்களுக்கு அப்பால் காடும் குன்றும் கிடந்தன. அவற்றை 'உலாயத்' என்றனர். 'விலாயத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது என்பர். 'நகரி' என வழங்கும் கிராமத்தின் பொதுச் சேமிப்பு அந்நிலம்.

கரி கண்ட வெள்ளையர்

டி கிரேவ என்னும் இளம் டச்சுப் பொறியாளர், ஒம்பிலின் ஆற்றை ஒட்டிய பகுதியில் பெரும் கரிப்படிவம் இருப்பதை 1868இல் அறிவித்தார். மறு ஆண்டு சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களுக்குக் கரி தேவைப்பட்டது. டி கிரேவ 1872இல் குவாந்தான் ஆற்றில் மூழ்கி மாண்டார். அவர் கண்ட கரியை மட்டும் அரசு மறக்கவில்லை. 1892இல் கரி வெட்டியெடுக்கப்படலாயிற்று. துறைமுகத்திலிருந்து மலைச்சரிவுகளில் பற்சக்கரத் துணையுடன் ஏறி, ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை 1894இல் சவாலுந்தோவை எட்டியது.

சொந்த வயல் உடையவர் கரிக்குழியில் கூலிக்கு இறங்க விரும்பவில்லை. ஆகவே ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கைதிகளைக் கொணர்ந்தனர். காலில் விலங்கு பூட்டப்பட்ட அவர்களை 'ஓராங் ரந்தாய்' என்றனர். சங்கிலி மனிதர் என்பது பொருள். மாண்டவர் பலருடைய கல்லறைக் கல்லில் பெயரில்லை. எண் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. 1918இல் கட்டிய பெரும் சமையற்கூடத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு நீராவியால் சோறு வெந்தது. நெல்வயலின் பெயர் தாங்கிய ஊர், சோற்றை எடைபோட்டு வழங்கும் முகாமாக மாறியது.

சட்டம் செய்த பிளவு

கைவிலங்கைவிட நீண்டகாலம் நிலைத்தது காகிதத்தில் எழுதிய விதி. 1870ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தை ஒட்டி ஜாவாவில் டச்சு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது: தனக்குரியதென எவரும் மெய்ப்பிக்க முடியாத நிலம் அரசின் நிலம். அவ்விதி பின்னர் சுமத்திராவுக்கும் விரிந்தது. உலாயத் நிலத்திற்குப் பத்திரம் ஏது? டச்சு அதிகாரியின் கண்ணுக்கு வெற்று நிலமாகத் தோன்றியது, கிராமத்தாரின் கண்ணுக்கு இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளின் பங்காகும். 1899இல் வந்த சுரங்கச் சட்டமோ நிலத்தை மேலும் கீழுமாகப் பிளந்தது. மேற்பரப்புக்கு உரியவர், அடியிலுள்ள கரிக்கு உரியவர் அல்லர் என்றாயிற்று.

விடுதலை வந்தது. 1945ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, நிலமும் நீரும் அவற்றிலுள்ள இயற்கைச் செல்வமும் அரசின் ஆளுகைக்கு உட்பட்டு மக்களின் பெருநலனுக்கே பயன்பட வேண்டும் என விதித்தது. அப்பிரிவின் சிற்பியாகப் போற்றப்படும் முஹம்மது ஹத்தாவும் மினாங்கபாவு மைந்தரே. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச்சட்டம் டச்சு அறிவிப்பை நீக்கியது. இந்தோனேசியக் குடிமக்களுக்கு முழு உடைமை உரிமை வழங்கியது. உலாயத் உரிமையையும் ஏற்றது. ஆயின் அவ்வேற்பு நாட்டு நலனுக்கு முரணாகாத அளவில் மட்டுமே. மேலும் கீழும் என்ற பிளவு அப்படியே நின்றது.

தம் நிலத்தில் தாமே

1998இல் சுஹார்த்தோவின் ஆட்சி வீழ்ந்ததும் கிராமத்தார் துணிவு பெற்றனர். இது எங்கள் குடிநிலம், இதிலுள்ள கரியும் எங்களுடையது என்று கூறித் தாமே குழி தோண்டலாயினர். முன்னோர் கூலிக்கு இறங்க மறுத்த அதே மண்ணுக்குள், பேரர்கள் உரிமை கோரி இறங்கினர். வயலில் ஓராண்டு கிட்டும் வருவாயைவிடக் கரியில் விரைவாகப் பணம் கிட்டியது. ஆனால் முறையான காற்றோட்டமின்றிக் கரிச்சுரங்கில் இறங்குதல் உயிருக்கு உலை. கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு தேங்கினால், ஒரு பொறியே போதும். 2009 ஜூன் 16 அன்று சவாலுந்தோவில் நேர்ந்த வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2022 டிசம்பர் 9 அன்று மீண்டும் ஒரு வெடிப்பு. 10 பேர் மடிந்தனர். இரண்டாம் வெடிப்பு உரிமம் பெற்ற நிறுவனத்தின் சுரங்கிலேயே நிகழ்ந்தது. உரிமம் மட்டும் உயிரைக் காப்பதில்லை என்பதை அது உணர்த்தியது.

இன்று அங்குள்ள ஒரு குடும்பம் தன் நிலத்தைக் குறித்து எதை எதிர்பார்க்கலாம்? 2009ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இரு பக்கமும் பேசுகிறது. சுரங்க உரிமம் என்பது மேற்பரப்பு நில உரிமையன்று என்றும், நிலத்துக்குரியவரின் ஒப்புதலைப் பெற்றே பணி தொடங்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதே சட்டம், உரிமம் பெற்ற சுரங்கப் பணியைத் தடுப்பவருக்குச் சிறைத்தண்டனை உண்டு என்றும் கூறுகிறது. இழப்பீடு வரலாம். வந்தால், அது ஒரு தலைமுறையின் கைக்குப் போய்ச் சேரும். காணியோ எல்லாத் தலைமுறைக்கும் உரியது. இந்தக் கணக்கே அங்குள்ள தாய்மாரைக் கலங்க வைப்பது.

நிலத்தைப் பதிவு செய்து சான்று பெற்றால் பாதுகாப்பு உண்டு. ஆனால் தனியொருவர் பெயரில் சான்று பிறந்துவிட்டால், விற்கக்கூடாத காணி விற்கக்கூடிய மனையாகிவிடும். இதனாற்றான் குடும்பக் காணிக்குச் சான்று கோரும்போது 'மாமாக் கெபலா வாரிஸ்', அதாவது வாரிசுகளின் தலைவரான தாய்மாமனின் கையொப்பம் வேண்டப்படுகிறது. வாரிஸ் என்ற அச்சொல் நமக்கும் அயலானதன்று.

எருமை எழுந்த பின்

மினாங்கபாவு மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது: எருமை எழுந்து போனாலும் அது புரண்ட குட்டை அங்கேயே கிடக்கும். நிலத்தைப் பயன்படுத்தியவர் போய்விட்டால் நிலம் பழைய குடிக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் கருத்து. 2008இல் மேற்குச் சுமத்திரா மாநிலம் உலாயத் நிலத்துக்கென இயற்றிய விதியும் இந்த நெறியைத் தழுவியதே.

சவாலுந்தோவில் எருமை பெரும்பாலும் எழுந்துவிட்டது. பழைய பெருஞ்சுரங்கம் ஓய்ந்தது. பலர் ஊரைவிட்டு அகன்றனர். 2001இல் நகராட்சி சுற்றுலாவை வாழ்வாதாரமாகக் கொள்ளத் துணிந்தது. சங்கிலி மனிதர் உழைத்த சுரங்க வழி இன்று காட்சிக்குரியது, சமையற்கூடம் அருங்காட்சியகம். 2019 ஜூலையில் யுனெஸ்கோ அச்சுரங்கத்தையும் இருப்புப்பாதையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. காண்டி என்னுமிடத்தில் திறந்தவெளிச் சுரங்கக் குழிகள் ஏரிகளாகிவிட்டன. விடுமுறை நாட்களில் குடும்பங்கள் அங்கே உலாவச் செல்கின்றன.

ஏரி அழகியதுதான். ஆனால் அதில் நெல் விளையாது. அதை மகளுக்குப் பங்காக விட்டுச் செல்லவும் இயலாது. பழமொழியைச் சொன்ன முன்னோர், எருமை எழுந்த பின் குட்டை குட்டையாகவே இருக்கும் என்று நம்பினர். அடிமண்ணையே அள்ளிச் செல்லும் எருமையை அவர்கள் கண்டதில்லை. இன்று கரி உரிமத்திற்காகக் கையொப்பம் கேட்டு வருபவரிடம் ஒரு மினாங்கபாவுத் தாய் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தருவாய் என்பதன்று. நீ போன பின் இந்த மண் எந்நிலையில் இருக்கும் என்பதே. அதற்கு விடை எழுத்தில் இல்லாதவரை, அந்த நான்கு காரணங்களுக்கு வெளியே கையொப்பமிடாதிருப்பதே அறிவுடைமை.