ஒளிக்காலத்துவம்

ஒளிக்காலத்துவம் என்பது பகலின் நீளத்துக்கும் இரவின் நீளத்துக்கும் ஏற்பத் தாவரங்கள் தம் வளர்ச்சியை, குறிப்பாகப் பூக்கும் காலத்தை, அமைத்துக்கொள்ளும் பண்பு ஆகும். விதைத்து எத்தனை நாட்கள் ஆயின என்பதை விட, அன்றைய இரவு எவ்வளவு நீண்டது என்பதையே பல தாவரங்கள் கணக்கில் கொள்கின்றன. சம்பா நெல், கேழ்வரகு, செவ்வந்தி, சோயா மொச்சை, கஞ்சா போன்றவை இரவு நீளும்போது பூப்பவை. இவை குறும்பகல் தாவரங்கள் எனப்படுகின்றன. கோதுமை, பசலைக்கீரை போன்றவை பகல் நீளும்போது பூக்கும் நெடும்பகல் தாவரங்கள். தக்காளி போன்றவை பகலளவைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. இவை பகல்நடுநிலைத் தாவரங்கள் எனப்படும்.

இப்பண்பை அறிந்த பின்னர், விளக்கை ஏற்றியும் கறுப்புத் துணியால் மூடியும் தாவரங்களை வேண்டிய நாளில் பூக்கச் செய்யும் முறைகள் உருவாகின.

கண்டறியப்பட்ட வரலாறு

ஒளிக்காலத்துவத்தைக் கண்டறிந்தவர்களாகப் பெரும்பாலான பாடநூல்கள் அமெரிக்கர்களான கார்னர், அல்லார்டு ஆகிய இருவரையே குறிப்பிடுகின்றன. ஆனால் அவர்களுக்கு முன்பே, 1910களின் தொடக்கத்தில், பாரிசு நகரில் சூலியன் தூர்னுவா என்னும் இளம் ஆய்வாளர் இதன் வாசலை எட்டியிருந்தார். அவர் ஆய்ந்தவை ஆப்புக்கொடியும் கஞ்சாச் செடியும் ஆகும். குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் விதைத்த செடிகள் மிகச் சிறியனவாக இருக்கும்போதே பூத்ததைக் கண்ட அவர், செடிகளுக்கு நாள்தோறும் சில மணி நேரமே ஒளி கிடைக்கும்படி செய்து சோதித்தார். பகல் குறுகியதை விட இரவு நீண்டதே இதற்குக் காரணமாகலாம் என்றும் எழுதினார். முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே அவர் போரில் இறந்தார். அவர் இறுதியாகச் சொன்னதே சரி என்பது நிறுவப்பட மேலும் 24 ஆண்டுகள் ஆயின.

கார்னரும் அல்லார்டும் வாசிங்டன் நகருக்கு அருகில் மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகையை ஆய்ந்தனர். கோடையில் மிக உயரமாக வளர்ந்தும் பூக்காத இவ்வகை, குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் குட்டையாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் எதுவும் காரணமன்று என விலக்கிய பின், 1918 கோடையில் செடிகளை நாள்தோறும் மாலையில் இருட்டுப் பெட்டிக்குள் தள்ளி வைத்துச் சோதித்தனர். பெட்டிக்குள் சென்றவை பூத்தன. வெளியே நின்றவை பூக்கவில்லை. இம்முடிவு 1920இல் வெளியானது. 1938இல் ஆம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தையில் செய்த சோதனை, அளக்கப்படுவது இரவே என்பதைக் காட்டியது. நீண்ட இரவின் இடையில் சிறிது நேரம் விளக்கொளி பட்டாலே செடி பூக்காமல் நின்றுவிட்டது. பகலின் இடையில் சிறிது நேரம் இருட்டாக்கியதால் எந்த மாற்றமும் நேரவில்லை.

இயங்கும் முறை

இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமியே ஒளியை உணர்கிறது. இது இரு வடிவங்களில் இருக்கும். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி இதை ஒரு வடிவத்துக்கும், 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தொலைச்சிவப்பொளி இதை மற்றொரு வடிவத்துக்கும் மாற்றுகின்றன. இது ஒரு மின்பொத்தானைப் போன்றது. இறுதியாக எது அழுத்தப்பட்டதோ அதுவே நிலைக்கும். இதனுடன் செடியின் உள்ளிருக்கும் நாட்கடிகாரமும் சேர்ந்தே இரவின் நீளம் அறியப்படுகிறது.

உணர்வது இலை, பூப்பதோ குருத்து. எனவே இலையிலிருந்து குருத்துக்குச் செய்தி ஒன்று செல்ல வேண்டும் என்று 1930களில் சோவியத் ஆய்வாளர் சைலக்கியான் கூறி, அதற்கு ஃபுளோரிசென் எனப் பெயரிட்டார். அச்செய்தி ஒரு சிறிய புரதம் என்பது 2007இல், நெல் உள்ளிட்ட தாவரங்களில் செய்த ஆய்வுகளால் உறுதியானது.

கொல்லிமலையின் பகலளவு

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை ஏறத்தாழ வட அகலாங்கு 11 பாகை 20 கலையில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகல், ஆனி மாதத்தில், ஏறக்குறைய 12 மணி 47 நிமிடம் ஆகும். மிகக் குறுகிய பகல், மார்கழியில், 11 மணி 28 நிமிடம் ஆகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1 மணி 20 நிமிடத்துக்கும் குறைவு. மிக விரைவாக மாறும் பங்குனி, புரட்டாசி மாதங்களிலும் நாளொன்றுக்கு 40 வினாடி அளவே பகல் மாறுகிறது. தில்லியிலோ ஆனி மாதப் பகல் 14 மணியை நெருங்கும்.

இவ்வளவு சிறிய மாற்றத்தைச் செடி உணருமா என்னும் ஐயம் எழக்கூடும். மலேசியாவின் மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகலளவு 14 நிமிடமே மாறுகிறது. அங்கு சியாம் 29 என்னும் நெல், சனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாட்களும் செப்டம்பரில் விதைத்தபோது 161 நாட்களும் எடுத்துக்கொண்டது என 1959இல் பதிவாகியுள்ளது. வெப்பமண்டலப் பயிர்களுக்குச் சில நிமிடங்களே போதுமானவை.

கொல்லிமலையில் மூடுபனியும் மழைமேகமும் மிகுதி. எனினும் இவை பயிரின் கணக்கைப் பெரிதாகக் குழப்புவதில்லை. ஒளிச்சேர்க்கைக்கு வலிய ஒளி தேவை. பொழுதை அறிவதற்கோ விடியற்கால மங்கல் ஒளியே போதும்.

மலைப்பயிர்கள்

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சரிவு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகின்றனர். சாமையில் மட்டும் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலச்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை எனப் பல நாட்டு வகைகள் உள்ளன. இவற்றுள் விரைவில் முற்றுபவையும் உண்டு. பெருஞ்சாமை போல நீண்ட காலம் எடுப்பவையும் உண்டு. எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இவ்வகைகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

சிறுதானியங்களில் பெரும்பாலானவை குறும்பகல் இயல்புடையவை. இதனால் உழவருக்கு ஒரு பயன் உண்டு. மழை தாமதித்து விதைப்பு சில வாரங்கள் தள்ளிப்போனாலும், பகலளவைக் கணிக்கும் வகைகள் வழக்கமான காலத்தை ஒட்டியே கதிர் விடும். மழை ஓய்ந்த பின் அறுவடை செய்யும் ஒழுங்கு அதிகம் குலைவதில்லை. ஆனால் வளர்வதற்குக் கிடைத்த நாட்கள் குறைவதால் செடி சிறுத்து, விளைச்சலும் குறையும். காவிரிப் படுகையின் பழைய சம்பா வகைகளுக்கும் இது பொருந்தும். 1966இல் வந்த ஐ. ஆர். 8 நெல்லும் அதன் வழிவந்த குறுகியகால நெல்வகைகளும் பகலளவைப் பொருட்படுத்தாதவை. ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்க முடிந்ததற்கு இதுவே ஒரு முதன்மைக் காரணம்.

இதே காரணத்தால் ஒரு மலையின் நாட்டு விதையைத் தொலைவில் உள்ள விதை வங்கியில் மட்டும் வைத்துக் காப்பது முழுமையான பாதுகாப்பு ஆகாது. விதையை அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். குறும்பகல் இயல்பு வலுவாக உள்ள விதையை வட இந்தியாவின் நீண்ட கோடைப் பகலில் விதைத்தால் கதிர் விடுவது மிகவும் தாமதமாகும்.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளுக்காக, கொல்லிமலையின் சாமை நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. மரவள்ளியின் இயல்பு நேர்மாறானது. குறும்பகலில் கிழங்கு நன்கு பருக்கும், நெடும்பகலில் பூக்கும். தண்டை வெட்டி நடும் உழவருக்குப் பூ தேவையில்லை. தேமல் நோயைத் தாங்கும் புதிய வகைகளைக் கலப்பின முறையில் உருவாக்குவோருக்கோ, பெற்றோர் இரண்டும் ஒரே காலத்தில் பூப்பது இன்றியமையாதது. கொலம்பியாவின் பால்மிராவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில், வயலில் இரவு நேரத்தில் சிவப்பு விளக்குகளை எரித்து மரவள்ளியை முன்கூட்டியே பூக்கச் செய்துள்ளனர்.

விளக்கும் திரையும்

செவ்வந்திப் பயிரே இம்முறையை மிகுதியாகப் பயன்படுத்துவது. ஏறத்தாழ பதின்மூன்றரை மணிக்குக் குறைவான பகலில் செவ்வந்தி மொட்டு வைக்கத் தொடங்கும். தமிழ்நாட்டில் எக்காலத்திலும் பகல் அந்த அளவை எட்டுவதில்லை. எனவே கொய்மலருக்காக வளர்க்கும் செடிகள், காம்பு நீளும் முன்பே பூத்துவிடும். இதைத் தடுக்க, நீலகிரி, ஓசூர் பகுதிகளின் பசுங்குடில்களில் நட்ட முதல் சில வாரங்கள் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கு எரிக்கின்றனர். காம்பு போதிய உயரம் அடைந்ததும் விளக்கு நிறுத்தப்படுகிறது. தேவையானால் மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டுகின்றனர். எந்த நாளில் விளக்கை அணைப்பது என்பது பண்டிகை, திருமண நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யப்படுகிறது. வியட்நாமின் பின்துவான் பகுதியில் நெடும்பகல் தாவரமான தறுகண்பழத்துக்கு இரவில் விளக்கேற்றி, பருவமில்லாத காலத்தில் காய்க்கச் செய்கின்றனர்.

வேண்டாத விளக்கும் உண்டு. தெருவிளக்கை ஒட்டிய நெல் கதிர் விடத் தாமதிப்பது சப்பானில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. நிலவொளி பொதுவாக இத்தகைய விளைவை உண்டாக்கப் போதுமானதன்று.

கஞ்சாச் செடி

தூர்னுவா ஆய்ந்த கஞ்சா இன்றும் ஒளிக்காலத்துவத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் உள்ளறைகளில் வளர்ப்போர், முதலில் நாளொன்றுக்கு 18 மணி நேரம் விளக்கெரித்துச் செடியை வளர்த்து, பின் 12 மணி ஒளியும் 12 மணி இடையறாத இருளுமாக மாற்றுகின்றனர். இதன் பின் சில வாரங்களில் பூங்கொத்து தோன்றுகிறது. இருளின் இடையே ஒளி கசிந்தால் பூப்பது தடைப்படலாம். ஐரோப்பிய நார்க்கஞ்சா வகைகளை வெப்பமண்டலத்தில் விதைத்தால், நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய அவை குட்டையாக இருக்கும்போதே பூத்து, நார் தராமல் போகின்றன. நடு ஆசியாவைச் சேர்ந்த சில வகைகள் பகலளவைப் பொருட்படுத்தாமல் வயதைக் கொண்டே பூக்கின்றன.

இந்தியாவில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின்படி, அரசு அனுமதியின்றி இச்செடியை வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். வயலில் வளர்ந்தாலும் அறைக்குள் விளக்கொளியில் வளர்ந்தாலும் சட்டம் ஒன்றே. செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே இச்சட்டம் கஞ்சா என வரையறுக்கிறது. நுனி சேராத தனி இலையும் விதையும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அனுமதி அளிக்க இச்சட்டத்தில் இடமுண்டு. உத்தராகண்டம் இவ்வாறு அனுமதி அளித்த மாநிலங்களுள் ஒன்று.