அடைவுச் சேர்வர் எழும்பாதபோது: அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கங்களில் உள்ள சிறு அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் சில, போரில் காகிதங்களை இழந்த குடும்பங்களுக்குப் பிறப்புப் பதிவு, காணிப் பத்திரம், அடையாள அட்டை எடுக்க உதவுபவை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகள், அங்கும் எல்லாவற்றையும் இழந்தபின், தாய் தகப்பனின் பதிவைத் தேடி மறுபடியும் இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. இப்படியான ஓர் அலுவலகத்தில் காலையில் எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போனால், நான் முதலில் பார்ப்பது அடைவுச் சேர்வரைத்தான்.

அடைவு என்பது வலையமைப்பின் இடாப்பு. யார் யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் கோப்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இதற்கான எல்டாப் நெறிமுறை 1993 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் கிளைத்த ஓபன் எல்டாப் என்ற இலவச மென்பொருளை 1998 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். அதன் சேர்வர் நிரலுக்குப் பெயர் ஸ்லாப்டி. பேராதனை மாணவர் ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய், தன் வழமையான கடவுச்சொல்லோடு எடுரோம் வைஃபையில் இணைகிறாரே, அதன் பின்னாலும் பொதுவாக இப்படியொரு அடைவுதான் நிற்கிறது.

ஸ்லாப்டி எழும்பவில்லை என்றதும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் “அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம், பெயர்களைத் திரும்ப அடித்தால் சரி” என்பார். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இலக்கம் உண்டு. கோப்பின் உரிமையாளர் யார் என்பது அந்த இலக்கமாகத்தான் எழுதப்பட்டிருக்கும், பெயராக அல்ல. திரும்ப அடிக்கும்போது இலக்கங்கள் மாறினால், ஒருவர் பூட்டி வைத்த வாக்குமூலம் இன்னொருவருக்குத் திறக்கும். ஆகவே முதல் வேலை, சேவையை நிறுத்திவிட்டு, தரவுக் கோப்புறையையும் அமைப்புக் கோப்புறையையும் அப்படியே வேறொரு தட்டுக்குப் பிரதி எடுப்பது. இது பத்து நிமிட வேலை. இதைச் செய்தபின் எதைத் தொட்டாலும் திரும்பி வர வழி இருக்கும்.

அடுத்தது பதிவேடு. ஸ்லாப்டி தான் ஏன் விழுந்தது என்பதை எழுதிவிட்டுத்தான் விழும். சிஸ்டம்டி பதிவேட்டில் ஒன்றும் விளங்காவிட்டால், ஸ்லாப்டியைப் பின்னணியில் விடாமல், பிழைதேடும் நிலையில் கட்டளைத் திரையிலேயே ஓடவிட்டால் கடைசி வரிகளில் காரணம் தெரியும். ஆங்கிலம் தடங்கலாக இருப்பவர்கள் எண்களைத் தேடினால் போதும். 13 என்றால் அனுமதி மறுப்பு. 28 என்றால் தட்டில் இடமில்லை. 98 என்றால் 389 ஆம் துறையை வேறொரு நிரல், அநேகமாக முன்பு சரியாகச் சாகாத பழைய ஸ்லாப்டியே, பிடித்து வைத்திருக்கிறது.

நான் அதிகம் காண்பது 13 தான். உபுண்டுவில் ஸ்லாப்டி ஓடுவது ‘ஓபன்எல்டாப்’ என்ற தனிப் பயனரின் பெயரில். யாராவது ரூட்டாக நின்று தரவைத் திருத்தினாலோ மீட்டாலோ கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அடுத்த முறை ஸ்லாப்டியால் தன் வீட்டுக் கதவையே திறக்க முடியாது. தரவு ஒன்றும் கெடவில்லை, உரிமையாளரை மாற்றினால் எழும்பும். டிஎல்எஸ் சான்றிதழின் இரகசியத் திறப்பை அந்தப் பயனரால் வாசிக்க முடியாவிட்டாலும் இதே கதைதான். அமைப்புக் கோப்புகளில் கைவைத்த பிறகு விழுந்திருந்தால் ஸ்லாப்டெஸ்ட் என்ற கருவி எங்கே பிழை என்று சொல்லும். அந்தக் கோப்புகளின் தலைப்பிலேயே கையால் திருத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறது, ஆனாலும் திருத்துகிறார்கள்.

மின்சாரம் வேறு கதை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. போதாததற்கு மலைநாட்டின் ஏப்ரல் மாத இடிமின்னல். ஓபன் எல்டாப்பின் பழைய தரவுத்தள வகையான பிடிபி, திடீரென மின்சாரம் போனால் சிதைந்துவிடக்கூடியது. சில வேளைகளில் மீட்புக் கருவியை ஓட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கும். இப்போதுள்ள எம்டிபி அந்த அதிர்ச்சியைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. ஆனால் 2021 இல் வந்த 2.5 ஆம் பதிப்பிலிருந்து பிடிபியை முற்றாக எடுத்துவிட்டார்கள். பல வருடம் கைவைக்காத சேர்வரை உபுண்டு 20.04 இலிருந்து 22.04 க்கு உயர்த்துபவர்கள் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள்: தரவு இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த நிரல் இல்லை. பதற வேண்டாம். உயர்த்துமுன் அந்தப் பொதி தானாகவே ஒரு பிரதியை பேக்அப்ஸ் கோப்புறையில் வைக்க முயலும். முதலில் அங்கே பாருங்கள்; இல்லாவிட்டால் பழைய பதிப்பு உள்ள வேறொரு கணினியில் தரவைத் திறந்து எழுத்துக் கோப்பாக எடுக்கலாம்.

அப்படி எடுப்பதற்கான கருவி ஸ்லாப்கற். சேர்வர் செத்துக் கிடந்தாலும் அது கோப்பை நேரடியாக வாசிக்கும். இங்கேதான் தமிழில் பெயர் பதிந்தவர்கள் பயந்துபோகிறார்கள். கோப்பைத் திறந்தால் ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக இருக்கும், தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் எண்ணும். அது சிதைவு அல்ல. ஆங்கில எழுத்தல்லாத எதையும் அந்தக் கோப்பு பேஸ்64 குறியீட்டில்தான் எழுதும், அடையாளமாக முன்னால் இரட்டைப் புள்ளி இரண்டு முறை வரும். யூனிகோட் தமிழ் எழுத்தில் தொடங்கும் பெயர் என்றால் முதல் மூன்று குறிகளும் எப்போதும் ஒன்றே: எண் 4, ஆங்கிலப் பெரிய கே, எண் 6. அரசம்மா என்றாலும் வேலாயுதம் என்றாலும் அப்படித்தான். இந்த மூன்றையும் கண்டால் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்து வரிகளை அழித்துவிடாதீர்கள்.

அதே கோப்பில் கடவுச்சொற்களின் மறையுருவும் இருக்கும். பட்டியல் தொலைவது ஒரு பயம், அது வேண்டாத கைக்குப் போவது இன்னொரு பயம். இரண்டாவதை நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிரதியைக் குறியாக்கம் செய்து பூட்டி, அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்திலும் ஒன்று வையுங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. நமது அலுவலகங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. சில நூறு பேரின் அடைவு ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. இரவு தோறும் ஸ்லாப்கற் ஓட ஒரு வரி எழுதினால் போதும்.

வின்டோஸின் அக்டிவ் டிரெக்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. அது எழும்பாதபோது மீட்பு நிலைக்குள் நுழைய, சேர்வரை முதலில் நிறுவியபோது கொடுத்த தனிக் கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டவர் வெளிநாடு போயிருப்பார். இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

ஓபன் எல்டாப்பை மீட்கும் ஒழுங்கு இது: சேவையை நிறுத்தி, பழைய தரவுக் கோப்புறையை அழிக்காமல் பெயர் மாற்றி, அதே பெயரில் வெற்றுக் கோப்புறை உருவாக்கி, ஸ்லாப்அட் கருவியால் எழுத்துக் கோப்பை ஏற்றி, உரிமையாளரை ‘ஓபன்எல்டாப்’ ஆக்கி, அதன்பிறகே சேவையைத் தொடங்குங்கள். எழும்பியதும் சேர்வரின் திகதியை ஒருமுறை பாருங்கள். தாய்ப்பலகைப் பற்றரி செத்த பழைய கணினி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால், தான் சரிபார்க்கும் மற்றக் கணினிகளின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அந்தச் சேர்வரே இணைய மறுக்கும்.