பூட்டுக்கு முன் இருப்பிடம்: சர்வ்லெட் நிரலாக்கத்தில் பகிர்மாறிகள்

ஜாவா சர்வ்லெட் ஒன்றுக்குக் கொள்கலன் வழக்கமாக ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் உருவாக்குகிறது. வரும் கோரிக்கைகள் அனைத்தும் வெவ்வேறு இழைகளில் அந்த ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் நுழைகின்றன. டாம்கேட் என்ற கொள்கலனில் இழைகளுக்கு முன்னமைந்த உச்சவரம்பு 200. பயனர் பெயரைச் சர்வ்லெட் கிளாஸின் மாறியாக அறிவித்தால், ஒருவர் பெயர் இன்னொருவர் பக்கத்தில் வந்து நிற்கும். சோதிப்பவர் ஒருவரே என்பதால் சோதனையில் இப்பிழை பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

பாடநூல்கள் இதற்குச் சொல்லும் மருந்து பூட்டு. அந்த மாறி ஏன் அங்கே இருக்கிறது என்பதே அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். செயற்கூறுக்குள் அறிவித்த மாறி அந்தந்த இழையின் அடுக்கில் வாழ்கிறது. அதற்குப் பூட்டே தேவையில்லை.

இருப்பிடத்தை விட்டுவிட்டு இழைகளைக் கட்டுப்படுத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கிள்த்ரெட்மாடல் என்ற இடைமுகமே சான்று. ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் இயங்கும் என்று அது உறுதியளித்தது. ஆனால் ஸ்டாட்டிக் மாறிகளும் செஷனில் வைத்தவையும் பொதுவாகவே இருந்தன. உறுதிமொழி அவற்றைத் தொடவில்லை. 2003இல் வந்த சர்வ்லெட் 2.4 அந்த இடைமுகத்தைக் கைவிடத்தக்கதென அறிவித்தது, 2022இன் 6.0 பதிப்பு அடியோடு நீக்கியது. நீக்க இத்தனை ஆண்டுகள் ஆனதுதான் வியப்பு.

எல்லா மாறிகளையும் ஒதுக்கிவிட முடியாது என்பது நியாயமான மறுப்பு. வருகை எண்ணிக்கை பொதுவாகத்தான் இருந்தாக வேண்டும். ஒன்றைக் கூட்டுவது என்பது படித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று செயல்கள். இரண்டு இழைகள் ஒரே எண்ணைப் படித்தால் ஒரு வருகை தொலையும். வாலடைல் என்ற சொல்லைச் சேர்த்தாலும் இது தீராது. புதிய மதிப்பு பிற இழைகளுக்குத் தெரிவதை மட்டுமே அது உறுதி செய்கிறது. அம்மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கும் அட்டாமிக்லாங் இங்கே தகும்.

தேதியை எழுத்துவடிவாக்கும் சிம்பிள்டேட்ஃபார்மட் வேறு வகை. ஃபைனல் என்று குறித்துவிட்டால் பாதுகாப்பு என்று நம்புவோர் பலர். குறிப்பு மாறாதுதான், உள்ளே இருக்கும் நாட்காட்டியோ ஒவ்வொரு அழைப்பிலும் மாறுகிறது. 2014இல் ஜாவா 8 தந்த டேட்டைம்ஃபார்மட்டர் பூட்டு எதையும் சேர்க்கவில்லை. மாறும் நிலையையே அகற்றியது.

ஒரே பயனர் இரண்டு தாவல்களில் இயங்கும்போது செஷனும் பகிர்விடமாகிறது. கையிருப்பைப் பார்த்துவிட்டுக் குறைக்கும் நிரல் அங்கே எளிதில் தவறும். பயன்பாடு இரண்டு சர்வர்களில் ஓடத் தொடங்கிவிட்டால் சின்க்ரனைஸ்டு பூட்டு ஒரு ஜேவிஎம்மின் எல்லையைத் தாண்டாது. அப்போது சரிபார்ப்பும் குறைப்பும் ஒரே எஸ்க்யூஎல் கட்டளைக்குள், கையிருப்பு சுழியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் குறை என்ற நிபந்தனையோடு, தரவுத்தளத்துக்கு நகர வேண்டும். எத்தனை வரிகள் மாறின என்று அது திருப்பித் தரும் எண்ணை நிரல் கட்டாயம் பார்க்க வேண்டும்.